வெள்ளவத்தை ஆலையும் கிராண்ட்பாஸ் சவர்க்காரமும்

வெள்ளவத்தையில், ஹவ்லொக் வீதியோரம் இன்று மாடிக் குடியிருப்புகள் எழுந்து நிற்கும் நிலத்தில் ஒருகாலத்தில் நூற்பு நெசவாலை ஒன்று இயங்கியது. அதன் வரலாற்றைத் தொழிலாளர் போராட்டம் என்ற தலைப்பின் கீழ் மாணவருக்குச் சொல்லி முடித்துவிடுகிறோம். அதனுள்ளே பொருளாதாரப் பாடம் ஒன்றும் உறங்குகின்றது.

1933 பெப்ரவரியில், கூலிக்குறைப்பை எதிர்த்து அவ்வாலையின் தொழிலாளர் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் கழகத்தார் அவர்கள் பக்கம் நின்றனர். மூத்த தொழிற்சங்கத் தலைவரான ஏ. ஈ. குணசிங்கவோ எதிர்ப்பக்கம் நின்றார்! போராட்டம் முழு வெற்றி காணவில்லை. எனினும் 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சிக்கு அது ஒரு வித்து.

கூலியை ஏன் குறைத்தார்கள்? உலகப் பொருளாதார மந்தம் மட்டும் காரணமன்று. பஞ்சும் இயந்திரமும் கடல் கடந்து வந்தன. சிறு தீவின் துணிச் சந்தையிலோ லங்காஷயரும் பம்பாயும் யப்பானும் மோதின. 1934இல் யப்பான் துணிக்கு இறக்குமதி வரம்பு விதிக்கப்பட்டது. இலங்கை அரசாங்க சபை அதற்கு இணங்கவில்லை. இலண்டன் தன் ஆணையாலேயே அதனைத் திணித்தது. பாதுகாக்கப்பட்டது லங்காஷயரே, மலிவுத் துணி வாங்கிய ஏழையுமல்லன், வெள்ளவத்தைத் தறியுமன்று. இத்தகைய சந்தையில் தொழிலாளியின் கைவேகத்தை மாத்திரம் அளந்து, உற்பத்தித்திறன் குறைவென்று தீர்ப்பளிப்பது என்ன நீதி?

கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள கிராண்ட்பாஸில் 1938இல் லீவர் பிறதர்ஸ் தொழிற்சாலை எழுந்தது. தேங்காயெண்ணெய் நாட்டிலேயே கிடைத்தது. இயந்திரமும் செய்முறையும் தாய்க் கம்பனியிடமிருந்து வந்தன. அதன் சவர்க்காரத்தின் பெயரோ முன்னரே வீடுதோறும் அறிமுகமானது. அங்கே வேலைக்குப் போனவனும் இதே கொழும்புத் தொழிலாளிதான். ஒரு மணி நேரத்தில் அவன் ஆக்கும் பொருள் பெருகியது அவன் வேறு பிறவி என்பதாலன்று. பன்னாட்டுக் கம்பனி நுட்பத்தைக் கொணர்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விற்போர் சிலரேயான சந்தையில், பெருகிய ஆக்கம் கூலியாக உயருமா, விலையாக இறங்குமா, இலாபமாகக் கப்பலேறுமா என்பதும் கேட்கவேண்டிய கேள்வியே.

மதில் எழுப்பினால் போதும் என்பாரும் நம்மிடையே உளர். இறக்குமதித் தடையின் நிழலில் நம் நெசவு வளர்ந்தது மெய். போட்டியில்லாமையால் பழைய தறியே போதும் என்றிருந்ததும் மெய். 1977இல் மதில் ஒரேயடியாக வீழ்ந்தது. கைத்தறிகளும் சிறு விசைத்தறிகளும் நின்றன. பல்லாயிரவர், பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள், வேலையிழந்தனர். மறு ஆண்டே கட்டுநாயக்கா வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. அவர்தம் தங்கையரும் புதல்வியரும் அந்நியக் கம்பனிகளின் தையல் இயந்திரங்களின் முன் சென்று அமர்ந்தனர்.