நாற்பதா, நூறா? - இன்சுலின் யூனிட்டின் கதை

இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் "காலைல இருபது யூனிட், ராத்திரி பத்து யூனிட்" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காய்ச்சல் மாத்திரைக்கு 500, 650 என்று மில்லிகிராம் கணக்கு இருக்கும்போது, இதற்கு மட்டும் ஏன் யூனிட்? தோண்டிக்கொண்டே போனால் கதை கனடாவில், பட்டினி போட்ட ஒரு முயலிடம் போய் நிற்கிறது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. புனேயில் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். அம்மாவுக்கு இன்சுலின் ஆரம்பித்த பிறகு ஆர்வத்தில் படித்தவைதான் இவை. யாருக்கு எவ்வளவு என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

1921 கோடையில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், மக்லியோட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்திலிருந்து சாறு எடுக்கும் வேலையில் இறங்கினார்கள். 1922 ஜனவரி 11-ம் தேதி லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு மாட்டின் கணையச் சாற்றை ஊசியாகப் போட்டார்கள். சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது. ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்ததுதான் மிச்சம். சாற்றில் அவ்வளவு அழுக்கு. காலிப் என்ற வேதியியல்காரர் அதைச் சுத்தம் செய்து கொடுக்க, 23-ம் தேதி மறுபடி போட்டார்கள். இந்த முறை சர்க்கரை சடசடவென்று இறங்கியது. சாகக் கிடந்த பையன் பிழைத்தான். இந்தக் கதை நிறைய பேருக்குத் தெரியும்.

அவ்வளவாகப் பேசப்படாதது இதற்குப் பக்கத்தில் நடந்த இன்னொன்று. தான் தயாரித்த சாறு வேலை செய்கிறதா என்று பார்க்க, காலிப் அதை முயல்களுக்குப் போட்டார். சில முயல்களுக்கு வலிப்பு வந்தது. ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. குளுக்கோஸ் கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்தன! இன்சுலினின் முக்கியமான பக்கவிளைவும் அதற்கான மாற்றும் இப்படித்தான் ஒன்றாகத் தெரியவந்தன. அதே 1922-லேயே டொராண்டோவைச் சேர்ந்த ஃப்ளெட்சர், கேம்பல் என்ற இரண்டு டாக்டர்கள் மனிதர்களிடம் தாழ்சர்க்கரை எப்படி இருக்கும் என்று எழுதிவைத்தார்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, பேச்சுக் குழறல், கடைசியில் நினைவு தப்புதல். இன்றைக்கும் பட்டியல் அதேதான்.

அன்றைக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. ஒரு தடவை காய்ச்சிய சாறு வீரியமாக இருக்கும், அடுத்தது சப்பென்று இருக்கும். தராசில் எடை போட்டால் பாதி அழுக்கின் எடைதான் தெரியும். பிறகு எப்படி அளப்பது? முயலை வைத்துத்தான். 24 மணி நேரம் பட்டினி கிடந்த 2 கிலோ முயலின் ரத்தச் சர்க்கரையை, வலிப்பு வரக்கூடிய 45 மில்லிகிராம் அளவுக்கு இறக்க எவ்வளவு மருந்து வேண்டுமோ, அதை ஒரு அளவாக வைத்துக்கொண்டார்கள். மனிதர்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஒரு யூனிட். 1925-ல் சர்வதேசத் தரமும் வந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். இந்த மருந்தை அளக்கும் கோலே அதன் ஆபத்திலிருந்து செய்யப்பட்டது. அதனால்தானோ என்னவோ, அளவு தப்பினால் இது மன்னிப்பதில்லை.

யூனிட் முடிவானதும் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. ஒரு மில்லியில் எத்தனை யூனிட் கரைப்பது என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு. முதலில் 10, 20 என்று வந்தது. பிறகு 40, 80. பிரிட்டனில் சிரிஞ்சில் மில்லிக்கு 20 கோடு. 40 மருந்தானால் ஒரு கோடு இரண்டு யூனிட், 80 மருந்தானால் நான்கு யூனிட். நோயாளி மனக்கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். தப்பு நடக்காமல் இருக்குமா? அமெரிக்கா 1970-களில் எல்லாம் 100 என்று மாறத் தொடங்கியது. பிரிட்டன் 1983-ல் மாறியது.

நம் நாட்டில்? இரண்டுமே இருக்கின்றன. குப்பியில் விற்கும் சாதாரண இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40. பேனாவில் போடும் காட்ரிட்ஜ் 100. சில புது வகை இன்சுலின்கள் குப்பியிலும் 100. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. ட்யூப்லைட் வெளிச்சத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லுங்கள் பார்ப்போம்!

இங்கே எங்கள் ஏரியா மருந்துக் கடை ஒன்றில், அம்மாவின் 40 குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சை எடுத்து நீட்டினார்கள். கண்டுபிடித்தது அப்பா. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், எண்ணைப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டார். கடைக்காரர் "சப் ஏக் ஹி ஹை அங்கிள்" என்றார், எல்லாம் ஒன்றுதானாம். ஒன்றா? கணக்கைப் பார்ப்போம்.

40 மருந்தை 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது 0.2 மில்லி. அதாவது 8 யூனிட். சர்க்கரை இறங்காது. "மருந்து கேட்கவில்லை" என்று அளவைக் கூட்டுவார்கள். பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்சு கிடைக்கும்போது விபரீதம். இதற்கு நேர்மாறாக, 100 மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 0.5 மில்லி. 50 யூனிட்! இரண்டரை மடங்கு. பேனா ரிப்பேர் ஆகிவிட்டதென்று காட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சுகிற வீடுகளில் நடக்கக்கூடியது இதுதான். காட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் இழுக்கவே கூடாது என்பது அதனால்தான்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து உடனே கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். நேரே ஆஸ்பத்திரிதான்.

லெனார்டுக்கு வந்த கட்டி இன்று அநேகமாக வருவதில்லை. 1980-களிலிருந்து மரபணு முறையில் செய்த சுத்தமான இன்சுலின் கிடைக்கிறது. பெங்களூரின் பயோகான் 2004-ல் இங்கேயே தயாரித்து விற்க ஆரம்பித்தது. ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு மேடு தட்டும். வலிக்காது என்பதால் பலர் அங்கேயே குத்துவார்கள். அந்த மேட்டில் மருந்து ஒருநாள் உறிஞ்சப்படும், ஒருநாள் படாது. சர்க்கரை கண்டபடி ஆடும். தினமும் இடத்தை மாற்றுவதுதான் வைத்தியம்.

மருந்தைச் சுத்தம் செய்ய ஒரு காலிப் வந்தார், அளக்க ஒரு முயல் கிடைத்தது. குப்பியிலும் சிரிஞ்சிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் இன்னும் வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. ஊரில் அப்பா அம்மா தனியாக இருந்து, நீங்கள் வெளியூரில் இருந்தால், இன்று ராத்திரி போன் பேசும்போது அந்த இரண்டு எண்ணையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நிமிஷ வேலை.