மருந்தின் மீதான வழக்கு

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். மருந்து கொடுத்தபின் குழந்தையின் உடம்பில் தடிப்பு கண்டால், பழி உடனே மருந்தின்மேல் விழுகிறது. தட்டம்மையில் முதலில் காய்ச்சலும், சில நாள் கழித்துத் தடிப்பும் தோன்றுவது இயல்பு. இடையில் கொடுத்த மருந்து, செய்யாத குற்றத்தைச் சுமக்கிறது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. மருந்து செய்த கேட்டை நோயின் தலையில் ஏற்றிவிடுவது. அதன் கொடுமைக்கு மருத்துவ வரலாறே சான்று.

1940களின் இறுதியில் குளோராம்பெனிகால் என்னும் மருந்து வழக்கத்துக்கு வந்தது. டைபாய்டு ஜுரத்தில் மாளவிருந்த பலரை அது மீட்டது. ஆகவே, பனிக்குடம் முன்னதாக உடைந்து குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கும், தொற்று வாராமல் காக்கும் எண்ணத்துடன் அதைக் கொடுத்தனர். அவற்றுள் சில, வயிறு உப்பி, மேனி சாம்பல் நிறமாகி இறந்தன. குறைமாதச் சிசு இறப்பது அந்நாளில் அரிதன்று. ஆதலால் மருந்தின்மேல் ஐயம் எழுவது எளிதாயில்லை.

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், பர்ன்ஸ், ஹாட்ஜ்மன், காஸ் என்னும் மூவர் இத்தகைய சிசுக்களை நான்கு பிரிவாக வைத்து ஆராய்ந்து, 1959இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவுக்கு இம்மருந்துகளுள் எதுவும் இல்லை, இரண்டாவதற்குப் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும், மூன்றாவதற்குக் குளோராம்பெனிகால், நான்காவதற்கு மூன்றும். முதலிரு பிரிவுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு சிசு இறந்தது. பின்னிரு பிரிவுகளிலோ பாதிக்கு மேற்பட்டவை இறந்தன. முதிராத ஈரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்ற இயலாமல், அது இரத்தத்தில் தேங்கியதே காரணம். ஒப்பிட்டுப் பார்த்திராவிடில் பழி குறைப்பிரசவத்தின் மீதே நின்றிருக்கும்.

ஆனால் நம் வீட்டில் நோயுற்றிருப்பது ஒரே குழந்தை. அங்கே ஒப்பீட்டுக்கு இடமில்லை; விசாரணை ஒன்றே வழி. 1981இல் நரஞ்சோ முதலியோர் அதற்குப் பத்து வினாக்களை வகுத்தனர். குறி தோன்றியது மருந்துக்குப் பின்னரா? நிறுத்தியதும் தணிந்ததா? மீண்டும் கொடுத்தபோது திரும்பியதா? வேறு காரணம் உண்டா? இவை அவற்றுட் சில. விடைகளுக்கு மதிப்பெண் இட்டு, உறுதி, பெரும்பாலும் உண்மை, இருக்கலாம், ஐயத்துக்குரியது என்று தீர்ப்பளிப்பர். ஆயினும் ஐயத்தைத் தீர்ப்பதற்காகவே ஒரு பச்சிளங் குழந்தைக்கு அதே மருந்தை மீண்டும் கொடுக்க யாருக்கு மனம் வரும்? குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் நோய்க்குறிப்புகளையும் கொண்டு, 2011இல் லிவர்பூல் ஆய்வாளர்கள் வேறொரு முறையை வகுத்தனர்.

நம் நாட்டிலும் 2010இல் மத்திய அரசு மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. காஸியாபாத்திலுள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் அதன் தலைமை நிலையம். பொதுமக்கள் நிரப்புதற்குரிய படிவம் தமிழிலும் உண்டு.

நேயர்களே, இவ்விசாரணையில் குழந்தை வாய் திறந்து சாட்சி சொல்லாது, தாய்தான் சாட்சி. மருந்தின் பெயர், அளவு, கொடுத்த வேளை, குறி தோன்றிய வேளை, உடன் கொடுத்த பிற மருந்துகள் ஆகியவற்றைத் தமிழிலேனும் குறித்து வைத்து, தாமதியாமல் மருத்துவரை அணுகுங்கள். வேற்று மொழி வழங்கும் ஊரில், பதற்றத்தில் நாக்குக் குழறினாலும், அக்குறிப்பு உங்களுக்காகப் பேசும்.