லிப்டனும் மொனராகலைக் கடைக்காரரும்

மொனராகலையில் சில்லறைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சென்ற முறை நான் அங்கு போயிருந்தபோது, கல்லாப்பெட்டியின் அடியிலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்துக் காட்டினார். சிறு வணிகர்களைக் கௌரவிப்பதற்காகக் கொழும்பில் பெரிய ஹோட்டல் ஒன்றில் நடந்த வரவேற்பு விருந்துக்கான அழைப்பு அது. பொலித்தீன் உறைக்குள் கசங்காமல் வைத்திருந்தார்.

"போனீர்களா?" என்று கேட்டேன்.

"போனேன் ஐயா. இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் சொந்தக்காரர் வீட்டில் சட்டை மாற்றிக்கொண்டு போனேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தேநீர் தந்தார்கள். நம்முடைய ஊவாத் தேயிலை என்று வாயில் வைத்ததும் தெரிந்தது."

அவர் சொன்ன தேநீர், அதே ஊவாத் தேயிலையால் அரண்மனை வரை சென்ற இன்னொரு கடைக்காரரை எனக்கு நினைவூட்டியது.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பமொன்றில் பிறந்தவர் தோமஸ் லிப்டன். பெற்றோர் வெண்ணெயும் முட்டையும் பன்றி இறைச்சியும் விற்கும் சிறு கடை நடத்தினர். 1871இல் அவர் தமது முதற் கடையைத் திறந்தார். இருபது ஆண்டுகளுக்குள் பிரித்தானியா எங்கும் அவருக்குக் கடைகள் இருந்தன. கோப்பிப் பயிர் நோயால் அழிந்து, இலங்கைத் தோட்டங்கள் மலிவு விலைக்குக் கைமாறிய காலம் அது. 1890இல் இங்கு வந்த லிப்டன், அப்புத்தளைக்கு மேலேயுள்ள தம்பேதன்னைத் தோட்டம் உள்ளிட்ட சில தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர்களை விலக்கி, தேயிலையைச் சிறு பொதிகளாக்கித் தமது கடைகளிலேயே மலிவாக விற்றார்.

1898இல் விக்டோரியா மகாராணியார் அவருக்குச் சேர் பட்டம் வழங்கினார். பின்னர் ஏழாம் எட்வர்ட் மன்னராக முடிசூடியவர், இளவரசராக இருந்தபோதே லிப்டனின் நண்பரானார். எனினும் எல்லாக் கதவுகளும் திறக்கவில்லை. அமெரிக்கக் கிண்ணப் படகுப் போட்டிக்கு 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை சவால் விட்ட அந்த மனிதரை, இங்கிலாந்தின் உயர்குடியினரது அரச படகுக் கழகம் நெடுங்காலம் உறுப்பினராக ஏற்கவில்லை. மளிகைக்காரர் என்பதே காரணம் என்று சொல்வார்கள். 1931இல், அவர் மறைந்த ஆண்டில்தான், அந்தக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. கோடீசுவரரான கடைக்காரருக்கே ஒரு நாற்காலி கிடைக்க அவ்வளவு காலம் எடுத்தது.

லிப்டனின் தேயிலையைக் கொய்த கைகள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் கைகள். லயங்களில் வாழ்ந்த அவர்களுக்குச் சம்பள நாள்வரை அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுத்தவர்கள் பதுளை, அப்புத்தளை, பண்டாரவளை, மொனராகலைக் கடைத்தெருக்களின் சிறு வணிகர்கள். கடன் கொப்பி இல்லாத கடை மலையகத்தில் இருந்ததில்லை. மாத முடிவில் வரவு வராவிட்டால் தொழிலாளியோடு கடைக்காரரும் பட்டினி. பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் இந்தக் கடைசிக் கண்ணியைப் பற்றி நமது வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. கடைக்காரர்களின் வாடிக்கையாளர்கள் மட்டுமல்ல, கடைக்காரர்களில் பலரும் அவர்களுள் அடங்குவர். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. கப்பலேறிய குடும்பங்களின் கணக்குகள் தீர்க்கப்படாமலே பல கொப்பிகளில் நின்றுபோயின.

பிறகு 1983. கொழும்பில் மூண்ட தீ, யூலை 27ஆம் திகதி பதுளையை எட்டியது. நடுப்பகலில் கும்பல்கள் கடைத்தெருவுக்குள் புகுந்து தமிழர் கடைகளைத் தேடித்தேடிக் கொளுத்தின. அன்றிரவுக்குள் அது ஹாலி-எல, வெலிமடை, பண்டாரவளை என்று பரவியது. நான் அப்போது கொழும்பில் ஒரு நாளேட்டில் இருந்தேன். செய்திகளில் எங்களுக்குக் கிடைத்தவை நகரங்களின் பெயர்கள். எரிந்த கடைகளின் பெயர்கள் எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

மொனராகலை நண்பரின் தந்தையார் பதுளைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர். அன்று சாம்பலானவற்றுள் அதுவும் ஒன்று. பின்னர் மொனராகலையில், வாடகைக்கு எடுத்த ஒரு சிறு அறையில், மீண்டும் தராசை நிறுத்தினார். எரிந்த கடையோடு கடன் கொப்பியும் போயிற்று. இருந்தும் இறப்பர்த் தோட்டத்துக்கு மாறிப்போயிருந்த பழைய வாடிக்கையாளர் சிலர் தேடி வந்து, தாங்களாகவே பாக்கியைக் கொடுத்தார்களாம். இதைச் சொல்லும்போது நண்பரின் குரல் தழுதழுத்தது.

நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. 1948இலிருந்து கணக்கிட்டால் ஐம்பத்தைந்து ஆண்டுகள். தம்பேதன்னை மலையுச்சியில் 'லிப்டன் இருக்கை' என்று ஓர் இடம் உண்டு. அங்கே அவர் சிலையாக அமர்ந்திருக்கிறார். பயணிகள் அருகில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பதுளைக் கடைத்தெருவின் அந்த வணிகர்களுக்கு ஒரு பெயர்ப் பலகைகூட இல்லை.

அழைப்பிதழை உறைக்குள் வைத்தபடி நண்பர் சொன்னார்: "அப்பாவின் பெயர் கடைசியாக ஒரு தாளில் அச்சானது, கலவரத்தில் கடையை இழந்தவர்களின் பட்டியலில். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்துப் பெயர் அச்சானது இதில்தான் ஐயா."

விருந்துகளில் எனக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. அன்று அந்தத் தாளை மட்டும் திரும்ப வாங்கி, இன்னொரு முறை படித்தேன்.