பழஞ்சேலையில் ஒரு வரலாறு

மன்னர் தம் வரலாற்றைக் கல்லில் வெட்டினர், செப்பேட்டில் பொறித்தனர். ஊர்க் கணக்கர் ஓலையில் எழுதினர். எழுத்தறியாத நம் பாட்டியர் தம் வரலாற்றை எங்கே எழுதி வைத்தனர்? இவ்வினாவுக்கு விடை காண நூலகம் செல்ல வேண்டுவதில்லை. வீட்டு மச்சில் தூசி படிந்து கிடக்கும் மரப்பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும். அதன் அடியில், பழஞ்சேலைகளையும் முண்டுகளையும் அடுக்கித் தைத்த விரிப்பு ஒன்று மடிந்து கிடக்கக்கூடும். பிறர் கண்ணுக்கு அது கந்தல். அவ்வீட்டார்க்கு அது குடும்பச் சுவடி.

நம் சங்கத்து அன்பர்களுள் நெய்யாற்றங்கரை, பாறசாலைப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தோர் உளர். அப்பகுதியை அறியாதார்க்கு ஒரு சொல். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் முதலில் பாலராமபுரம், பிறகு நெய்யாற்றங்கரை, அதற்கப்பால் அமரவிளை, பாறசாலை, இஞ்சிவிளை என ஊர்கள் வரும். அடுத்து வருவது களியக்காவிளை. இஞ்சிவிளை கேரளம்; களியக்காவிளை தமிழ்நாடு. இரண்டுக்கும் ஈற்றில் நிற்பது ‘விளை’ என்னும் ஒரே சொல்தான். அரசுகள் எல்லை வகுக்கும் முன்னரே மக்கள் ஊர்ப்பெயர் வகுத்துவிட்டனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வூர்களில் கடுங்குளிர் இல்லை. ஆகவே பஞ்சடைத்த மெத்தைப் போர்வை அங்கே வளரவில்லை. ஆயினும் குழந்தையைக் கிடத்த மெத்தென்ற விரிப்பு வேண்டும். மழைக்காலத்தில் முதியோர் போர்த்துக்கொள்ள ஏதேனும் வேண்டும். துணியோ விலையேறிய பொருள். எனவே நைந்த சேலையின் கிழியாத பகுதியை வெட்டி எடுப்பர். மூன்று நான்கு மடிப்பாக அடுக்குவர். ஊசியை மேலும் கீழும் ஓட்டி நெடுந்தையல் இடுவர். மேல்துணி கிழிந்தால் அதன்மேல் வேறொரு துண்டை ஒட்டித் தைப்பர். இப்படி ஒரு விரிப்பு ஒரு தலைமுறையில் முடிவதில்லை. தாய் தொடங்கியதை மகள் தொடர்வாள். மாமியார் தைத்ததன்மேல் மருமகள் தைப்பாள். இதனைக் கலை என்று அவர்கள் எண்ணியதில்லை. தனிப் பெயரிட்டு அழைத்ததும் இல்லை. ‘பழந்துணி’ என்றே சொன்னார்கள்.

நம்மவர் வழக்கம் ஒன்றை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்துவதில்லை. பாட்டியின் பழஞ்சேலையில்தான் சுற்றுவர். பலமுறை துவைத்து மென்மையான துணி பச்சிளம் உடலை உறுத்தாது என்பது அதன் காரணம். மனிதன் மாண்டபோதோ புதுத்துணி வாங்கிக் கோடி போடுவர். உலகுக்கு வரும்போது முன்னோர் உடுத்த பழந்துணி. உலகை விட்டுப் போகும்போது யாரும் உடுத்தாத புதுத்துணி. பிறப்பவன் தனியனல்லன், ஒரு குடும்பத்தின் தொடர்ச்சி என்பதை நம் முன்னோர் இதனினும் எளிதாய் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அந்தப் பழந்துணிகளே பின்னர் விரிப்பில் சேர்ந்தன.

எல்லைப்புற வீடுகளில் உள்ள விரிப்புகளைக் கண்டோர் ஒன்றைக் கவனித்திருப்பர். அவற்றில் வெள்ளையும் வண்ணமும் கலந்திருக்கும். வெள்ளை என்பது முண்டும் நேரியலும். வண்ணம் என்பது தமிழ்நாட்டுச் சேலை. ஒரே வீட்டில் ஒரு தலைமுறைப் பெண் வெள்ளை உடுத்தாள். அடுத்த தலைமுறைப் பெண் வண்ணம் உடுத்தாள். இரண்டும் ஒரே தையலில் இணைந்து கிடக்கின்றன.

அவ்வெள்ளைத் துணியின் வரலாற்றிலும் தமிழர் பங்கு உண்டு. திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்ம மகாராஜாவின் பெயரால் அமைந்ததே பாலராமபுரம். அவர் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், தெற்கேயிருந்து தமிழ் பேசும் சாலியர் குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. அவர்கள் குழித்தறியில் நெய்தனர். விடியற்காலையில் தெருவில் பாவை நீள விரித்து, அரிசிக்கஞ்சி ஏற்றி, தூரிகையால் ஆற்றி, வெயில் ஏறுமுன் சுருட்டுவது அவர்கள் வழக்கம். அப்படி நெய்த துணியில் உட்புறம் வெளிப்புறம் என்னும் வேறுபாடு தோன்றாது. இன்று புவிசார் குறியீடு பெற்று, கேரளத்தின் அடையாளமாக விளங்கும் பாலராமபுரம் கைத்தறியின் தொடக்கத்தில் தமிழ்ச் சாலியர் தெருக்கள் நிற்கின்றன. மலையாளியின் ஓணப் புடவையும் தமிழனின் தறியும் பிரிக்க முடியாதவை என்பதை மறத்தல் ஆகாது.

ஆயினும் துணியின் கதை முழுவதும் இனிய கதையன்று. தென்திருவிதாங்கூரில் யார் எத்துணியை எப்படி உடுத்தலாம் என்பதைச் சாதியே முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. நாடார் முதலிய குலப் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை அணிதல் குற்றமெனப்பட்டது. கர்னல் மன்றோ திவானாக இருந்த 1811–1814 காலத்தில் கிறித்தவம் தழுவிய பெண்கள் மேலாடை அணிய இசைவு கிடைத்தது. எனினும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1822-இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் கலகம் மூண்டது. 1829-ஆம் ஆண்டு அரசாணை குப்பாயம் என்னும் சட்டையை மட்டும் அனுமதித்து, மேல்சாதியார் போலத் தோள்சீலை இடுவதைத் தடுத்தது. 1858-இல் மீண்டும் கலகம். சந்தையிலும் தெருவிலும் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் வற்புறுத்திய பின், 1859 ஜூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மர் ஆணை பிறப்பித்தார். நாடார் பெண்கள் சட்டை அணியலாம், முரட்டுத் துணியால் மேலுடலைப் போர்த்தலாம்; ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்பதே அவ்வாணை. வென்ற உரிமையும் அரை உரிமையே என்பது கருதத்தக்கது.

இப்போராட்டம் நடந்த நிலத்தில்தான் பாறசாலை இருக்கிறது. அங்கே இலண்டன் மிஷன் சங்கத்தின் நிலையம் ஒன்று இருந்தது. அதில் பணியாற்றிய ஜான் அப்ஸ் என்பார் திருவிதாங்கூரில் தாம் கழித்த 22 ஆண்டு அனுபவத்தை 1870-இல் நூலாக வெளியிட்டார். அவரைப் போன்றோர் எழுதியதால் அக்காலச் செய்திகள் பல நமக்குக் கிடைக்கின்றன. ஆனால் சீலை கிழிக்கப்பட்ட பெண் தானே எழுதிய ஏடு எங்கே? அவளுக்கு எழுத்துக் கற்பித்தவர் இலர். அவள் விட்டுச் சென்றது ஒரு சட்டைத் துண்டாக இருக்கலாம். அதனை எறிய மனமின்றி அவள் மகள் விரிப்பில் சேர்த்துத் தைத்திருக்கலாம். அப்படியாயின் அத்துண்டு, அரசாணைக்கு ஒப்பான ஆவணமன்றோ?

ஊசியும் நூலும் விடுதலைக்குக் கருவியாயின என்பதற்கும் சான்று அண்மையிலேயே உண்டு. 1819-இல் நாகர்கோவில் வந்து சேர்ந்த மால்ட் அம்மையார் அங்குப் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். அடிமைப் பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். சட்டம் வருமுன்னரே சில பெண்களுக்கு நூல் வழிகாட்டியது.

இனி எல்லையின் கதைக்கு வருவோம். திருவிதாங்கூர்த் தமிழ்நாட்டுக் காங்கிரசு, நேசமணி முதலியோர் தலைமையில், தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கப் போராடியது. அவர்கள் கேட்ட வட்டங்களுள் நெய்யாற்றங்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1-ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது.

அன்று முதல் அண்ணன் வீடு ஒரு மாநிலம், தங்கை வீடு மற்றொரு மாநிலம் என்றாயிற்று. களியக்காவிளையில் பிறந்த பெண் பாறசாலையில் வாழ்க்கைப்பட்டால், அவள் தாய்வீட்டுச் சீர் எல்லை கடந்து வரும். அவள் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் கற்றனர். பத்திரமும் வரிச்சீட்டும் மலையாளத்தில் வந்தன. வீட்டுத் தமிழ் அடுக்களையில் ஒதுங்கியது. எழுத்து எந்த அரசின் கீழ் இருக்கிறதோ அதன் மொழியைப் பேசும். துணிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தாய்வீட்டு வண்ணச் சேலையும் கணவன் வீட்டு வெள்ளை முண்டும் ஒரு விரிப்பில் தைக்கப்பட்டபோது எந்த ஆணையமும் இடையே கோடு கிழிக்கவில்லை.

இவ்வழக்கம் நமக்கே உரியதென்று பெருமை கொள்ள வேண்டா. வங்கத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைப்பதைக் காந்தா என்பர். நம் ‘கந்தை’ என்ற சொல்லும் அதற்கு உறவே. மானதாசுந்தரி என்பாள் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்றில் தன் பெயரையும் ஊசியால் எழுதி வைத்தாள். குருசதய் தத்தர் திரட்டிய நாட்டுக் கலைப் பொருள்களுள் அது இன்றும் போற்றப்படுகிறது. வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தியர், ஆப்பிரிக்க வழிவந்தோர், தாம் தைக்கும் ஒட்டுப்போர்வையின் மூலைகளில் பூவெனத் துணி மடித்து வைக்காமல் அதனை நிறைவுற்றதாகக் கொள்ளார். அமெரிக்க நாட்டு அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், அடிமைகளின் வழித்தோன்றலான மிசௌரி பெட்வே என்னும் பெண், கணவன் இறந்தபின் 1942-இல் அவனுடைய உழைப்பாடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தாள். அவ்வூர்ப் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகச் சுவரை அலங்கரித்தன. ஏழைப் பெண்ணின் கந்தை கலையரங்கம் ஏறியது எதனால்? தைத்தவள் யார், யாருக்காகத் தைத்தாள் என்று கேட்டு எழுதி வைத்தோர் இருந்ததால் அன்றோ?

இங்கேதான் நம் கவலை தொடங்குகிறது. நம் அன்பர் ஒருவர் வீட்டில் நிகழ்ந்ததைக் கூறுவோம். ஊரிலுள்ள பழைய வீட்டைப் பங்கிட்டபோது நிலத்தையும் பாத்திரத்தையும் பிறர் எடுத்துக்கொள்ள, அவர் பங்குக்கு ஒரு விரிப்பு வந்தது. அதன் மேற்புறத்தில் ஒன்பது துண்டுகள். எண்பதைக் கடந்த அத்தை ஒருவர் மட்டும் உயிரோடிருந்தார். அவர் முன் விரித்தனர். கண் மங்கிய அம்மூதாட்டி விரலால் தடவித் தடவிப் பார்த்து, ஒரு துண்டில் கை நிறுத்தி, “மக்களே, இது ஒனக்க அம்மைக்க புடவையாக்கும்” என்றார். மற்றொன்று தம் தாயுடையது என்றார். இப்படி நான்கு துண்டுகளுக்கு உரியவர் தெரிந்தனர். எஞ்சிய ஐந்தின்மேலும் விரல் ஓடிற்று, வாய் பேசவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அத்தையும் மறைந்தார். அந்த ஐந்து துண்டுகளும் இனி என்றும் வெறுந்துணியே. ஒரு பத்து ஆண்டு முன்னர்க் கேட்டிருந்தால் ஒன்பதும் பேசியிருக்கும். கேட்காதது யார் குற்றம்? அன்பரின் குற்றம் மட்டுமன்று. நம் எல்லோர் குற்றமுமே.

துணி தானாகப் பேசாது. அது நினைவைத் தாங்கும். நினைவைச் சொல்ல நா வேண்டும். அந்த நாவுக்கு மொழி வேண்டும். அத்தை சொன்னது எல்லைப்புறத் தமிழில். அதனைக் கேட்டு விளங்கிக்கொள்ளப் பேரப்பிள்ளைக்கும் அத்தமிழ் தெரிந்திருக்க வேண்டும். வேற்றூரில் வாழும் நம் பிள்ளைகள் தமிழை இழந்தால் நூல்களை மட்டும் இழப்பதில்லை. பெட்டியில் உள்ள விரிப்பையும் இழக்கின்றனர். பொருள் கையில் இருக்கும், பொருள் விளங்காது.

ஆதலின் இம்மலர் வாயிலாக அன்பர்களை ஒன்று வேண்டுகிறோம். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது பெட்டியைத் திறந்து பாருங்கள். விரிப்போ, நேரியலோ, சட்டைத் துண்டோ எது கிடைத்தாலும் வீட்டு மூத்தோர் மடியில் வைத்து, “இது யாருடையது? எப்போது உடுத்தது?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே ஒரு தாளில் எழுதி, அத்துணியோடு மடித்து வையுங்கள். இன்பக் கதையாயினும் இழிவுபட்ட கதையாயினும் மறையாமல் எழுதுங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். எழுதும் வேலையை அவர்களிடமே கொடுத்தாலும் நன்று.

நம் பாட்டியர் தமக்குத் தெரிந்த ஊசியால் தம் பங்கைச் செய்துவிட்டனர். நமக்குத் தெரிந்த எழுத்தால் நம் பங்கைச் செய்வோமாக. ஊரில் மூத்தோர் இருக்கும்போதே செய்வோமாக.