மணி அடிக்காத பெரட்டு

ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு மணி மறக்காது. விடியுமுன் மணி அடிக்கும், லயத்தில் விளக்கு எரியும், கங்காணி ஆள் கணக்கெடுப்பார். யாரோ அடித்தால்தான் தோட்டம் அசையும்.

இதயம் அப்படியல்ல. உடலைவிட்டு வெளியே எடுத்த தவளை இதயமும் துடித்தது. 1852-இல் ஜெர்மானியரான ஸ்டானியஸ் அந்த இதயத்தில் நூலால் ஒரு கட்டுப் போட்டார். ரத்தம் வந்து சேரும் முனை துடித்துக்கொண்டே இருந்தது. கட்டுக்கு அப்பால் இருந்தது நின்றுபோனது. மணி உள்ளேதான், அந்த முனையில்தான்.

மனித இதயத்தில் அது எங்கே? கண்டவர்களில் ஒருவர் நமக்குத் தூரத்து ஊர்க்காரர்! ஸ்காட்லாந்து டாக்டர் ஆர்தர் கீத், 1889 முதல் சில ஆண்டுகள் சயாமின் தங்கச் சுரங்கமொன்றில் வைத்தியம் பார்த்தவர். நம் தீபகற்பத்தின் வடக்குக் கழுத்துப் பகுதி அது. ஓய்வு நேரத்தில் குரங்குகளை அறுத்து ஆராய்வார். 1906 கோடையில், இங்கிலாந்தின் கென்ட் கிராமத்து வீட்டுக்கு மனைவியோடு சைக்கிளில் திரும்பியபோது, மாணவர் மார்ட்டின் ஃபிளாக் நுண்ணோக்கியோடு காத்திருந்தார். அகழெலி இதயத்தின் வலது மேலறையில், பெருஞ்சிரை வந்து சேருமிடத்தில், விசித்திரமான ஒரு திசு முடிச்சு. மனித இதயத்திலும் அதே இடத்தில் அது உண்டு. 1907-இல் இருவரும் அதை வெளியிட்டார்கள்.

அந்த முடிச்சின் செல்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒரு துடிப்பு முடிந்ததும் உள்ளே மின்னழுத்தம் மைனஸ் 60 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்கும். இறங்கியதே சில வாசல்களைத் திறந்துவிடும். மங்கில் பால் சொட்டுவதுபோல சோடியம் உள்ளே கசியும். மைனஸ் 40-ஐ நெருங்கும்போது கால்சியம் வாசல்கள் திறந்து, துடிப்பு பிறக்கும். பிறகு பொட்டாசியம் வெளியேற, அழுத்தம் மறுபடி இறங்கும், மறுபடி கசிவு. அழுத்தம் ஏறும்போது திறக்கும் வாசல்களையே பார்த்துப் பழகிய ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரௌன், டிஃபிரான்செஸ்கோ, நோபிள் மூவரும், இறங்கும்போது திறக்கும் இதற்கு 1979-இல் வைத்த பெயர் ‘வேடிக்கை மின்னோட்டம்’. விஞ்ஞானிகளுக்கும் குசும்பு உண்டு.

தன்போக்கில் விட்டால் இந்த முடிச்சு நிமிடத்துக்கு 100 தடவை அடிக்கும். மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்புதான் ‘மெதுவா, மெதுவா’ என்று 70-க்குக் கொண்டுவருகிறது. மூளை மணியடிப்பவர் அல்ல, அதட்டும் கங்காணி!

முடிச்சு ஓய்ந்தால், ஜப்பானியர் தவாரா 1906-இல் விவரித்த இரண்டாவது முடிச்சு 40 முதல் 60 வரை அடித்து வேலையை ஓட்டும். அதுவும் கைவிட்டால், கீழறை நார்கள் 20 முதல் 40 வரை. அந்த வேகம் போதாத நோயாளிகளுக்காக 1958-இல் ஸ்வீடனில், இதயத்தைத் துடிக்கவைக்கும் ஒரு சிறு பெட்டியை உடலுக்குள் வைத்தார்கள். முதல் பெட்டி சில மணி நேரமே ஓடியது. அந்தக் கதை அடுத்த வாரம்.