இரு கரைக் குடும்பங்கள்

கொழும்பு மாநகரின் வடபால் துறைமுகத்தை அடுத்துக் கொட்டாஞ்சேனையும், தென்பால் கடலோரமாக வெள்ளவத்தையும் அமைந்துள்ளன. ஆண்டுதோறும் ஆடித் திங்களில் செட்டியார் தெருக் கோயிலிலிருந்து புறப்படும் வேல் விழாத் தேர் தெற்கு நோக்கிச் செல்லும்போது, இவ்விரு பகுதி மக்களும் ஒரே வீதியில் கூடி நிற்பர். அக்கூட்டத்தில், தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாக இடம்பெற்றிருந்தன. அக்குடும்பங்கள் கொழும்பில் வாழ்ந்தவாறே ஊர் திரும்பலை எவ்வாறு எண்ணியிருந்தன என்பதும், அவ்வெண்ணத்தைச் சட்டம் பின்னர் எவ்வாறு நோக்கியது என்பதும் வரலாறு கருதிப் பார்க்க வேண்டியவையாகும்.

1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், இரு கரைகளிலும் அதனோடு இணைந்த புகைவண்டியும் ஓடலாயின. இராமநாதபுரம், திருநெல்வேலி, தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் சிற்றூர்களுக்குக் கொழும்பு அண்டை நகரம்போல் ஆயிற்று. புறக்கோட்டையில் கடை வைத்தோர், அக்கடைகளில் கணக்கெழுதியோர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர், மாநகராட்சியில் துப்புரவுப் பணி செய்தோர், வெள்ளவத்தை நூல் நெசவு ஆலையில் உழைத்தோர் எனப் பல நிலையினர் வந்து சேர்ந்தனர். அக்கரைக்குச் சென்று மீள்வதற்கு அந்நாளில் இன்றைய கட்டுப்பாடுகள் இருக்கவில்லை.

இவர்தம் வாழ்க்கை இரு ஊர்களிலும் வேரூன்றியது. செட்டியார் தெருவின் வட்டிக்கடை முகவர்கள் குடும்பத்தைச் செட்டிநாட்டிலேயே விட்டு, ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணைக்கு வந்து மீண்டனர். சிறு வணிகர்களும் தொழிலாளரும் காலப்போக்கில் மனைவி மக்களை அழைத்து வந்தனர். ஆயினும் தலைப்பிரசவத்திற்கு மனைவி தாய்வீடு செல்ல வேண்டும். குழந்தைக்கு முடியிறக்குவது குலதெய்வத்தின் முன்னிலையில் நிகழ வேண்டும். பெண்ணை ஊரிலுள்ள தாய்மாமன் வீட்டிற்கே கொடுக்க வேண்டும் என்பன அவர்கள் போற்றிய முறைகள். மாதந்தோறும் மணியார்டர் சென்றது. பழைய ஓட்டு வீடு பழுது பார்க்கப்பட்டது. கட்டிலின் கீழிருந்த தகரப் பெட்டியில், அடுத்த பயணத்திற்கென வாங்கிய சேலையும் வேட்டியும் மடிப்புக் கலையாமல் காத்திருந்தன.

பிள்ளைகளின் உலகமோ வேறு. காலையில் பாணும் தேங்காய்ச் சம்பலும் உண்டு, தெருவில் சிங்களச் சிறுவரோடு சிங்களத்தில் பேசி விளையாடி, பள்ளியில் தமிழில் பயின்று அவர்கள் வளர்ந்தனர். பெற்றோர் “ஊர்” என்று சொன்னபோது, பிள்ளைகளுக்கு அது கடிதங்களில் மட்டும் வாழும் இடமாக இருந்தது. எனினும் இவ்விரட்டை வாழ்வில் துயரம் மிகுதியாக இல்லை. எப்பொழுது போவது, எப்பொழுது வருவது என்பதைக் குடும்பமே முடிவு செய்தது.

1939 ஆம் ஆண்டில் அந்நிலை அசைந்தது. அரசாங்கத் துறைகளில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை இலங்கை அரசு பணியினின்று நீக்கத் தொடங்கியது. அதுபற்றிப் பேச அவ்வாண்டு ஜூலையில் ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். அவர் வருகையின்போதே இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. ஆகஸ்டு மாதத்தில், தனித்திறன் பெறாத தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது.

சுதந்திரத்துக்குப் பின் 1948 இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில், இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி வகுத்தது. ஆனால் 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன் மணமானோர் 7 ஆண்டுகளும், மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடைவிடாது இலங்கையில் வசித்ததாக மெய்ப்பிக்க வேண்டும். ஒரு முறை சென்று பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே தங்கினால் அத்தொடர்ச்சி அறுந்துவிடும். மனைவியின் வதிவும் கணக்கில் கொள்ளப்பட்டது.

இங்கேதான் அக்குடும்பங்களின் பெருந்துயரம் தொடங்கியது. தாய்வீடு சென்ற மனைவி மகப்பேற்றுக்குப் பின்னும் மாமியார்க்குத் துணையாகச் சில மாதங்கள் கூடுதலாகத் தங்கியிருப்பாள். அது வதிவு முறிவாயிற்று. ஊருக்கு அனுப்பிய மணியார்டர்ச் சீட்டும், அங்கே வாங்கிய காணித் துண்டும், இந்நாட்டில் நிலைத்து வாழும் எண்ணமில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படக்கூடும் என்னும் அச்சம் எழுந்தது. குடும்பக் கடமை என்று எவற்றை அவர்கள் தவறாது செய்தார்களோ, அவையே அவர்கள் அந்நியர் என்பதற்குச் சாட்சியங்களாயின. பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், வாடகைச் சீட்டு, கூப்பன் புத்தகம் ஆகியவை நகையினும் அருமையாகப் பேணப்பட்டன. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவருள் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் என மதிப்பிடப்பட்டது. அவருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் 15 ஆண்டுகளில் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது. இவர்களுள் பெரும்பான்மையோர் மலையகத் தோட்டத் தொழிலாளரே. எனினும் கொழும்பின் ஒண்டுக் குடித்தன வீடுகளையும் அக்கணக்கு எட்டியது.

ஒப்பந்தத்தின் விதிகள் அடுப்படி வரை வந்தன. இந்தியா செல்ல வேண்டியவர் புறப்படும் நாள் வரையிலோ, 55 வயது வரையிலோ, எது முந்தியதோ அதுவரை தாம் செய்துவந்த வேலையில் தொடரலாம். ஒரு குடும்பம் கொண்டு செல்லத்தக்க சொத்தின் உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்றும் உறுதி கூறப்பட்டது. தையல் இயந்திரத்தைக் கொண்டு செல்வதா, விற்பதா? பள்ளி இறுதித் தேர்வு எழுதவிருக்கும் மகனை என்ன செய்வது? இலங்கைக் குடியுரிமை பெற்ற வீட்டில் மணமான மகளை விட்டுப் பிரிவது எங்ஙனம்? கணவன் ஒரு நாட்டுக்கும் மனைவி மற்றொரு நாட்டுக்கும் விண்ணப்பித்த வீடுகளும் இருந்தன. முன்பு ஊர்ப்பயணத்திற்குப் பெட்டி கட்டுவது விழாவாக இருந்தது. இப்பொழுது அதே பெட்டியை மீண்டு வாராத பயணத்திற்காகக் கட்ட வேண்டியதாயிற்று.

பாட்டனார் வந்திறங்கிய வழியும் அப்படியே இருக்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரு மாதங்கள் நிறையுமுன், 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் தாயகம் திரும்பியோரைத் தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் இராமேசுவரத்தில் இறக்கியது. மண்டபம் முகாம் பலருக்கு முதல் தங்கிடமாயிற்று. சிறு வணிகக் கடனும், நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வேலையும் அரசு வகுத்த மறுவாழ்வுத் திட்டங்களுள் அடங்கின. கொழும்பில் “இந்தியாக்காரர்” எனப்பட்டவர்கள் தமிழகத்தில் “சிலோன்காரர்” எனப்பட்டனர்.

எதிர்பார்த்த 5,25,000 பேருக்கு மாறாக, ஏறத்தாழ 4 இலட்சம் பேரே இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தனர். “ஊர்” என்னும் சொல்லின் பொருள் இரண்டு தலைமுறைகளில் மாறிவிட்டதை இத்தொகை தெளிவாகக் காட்டுகின்றது. 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 1984 இல் கப்பல் போக்குவரத்தும் நின்றது. போக இயலாமலும், இருக்க உரிமையின்றியும் பலர் தவித்தனர்.

2003 ஆம் ஆண்டில் இலங்கை நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் அச்சட்டம் குடியுரிமை வழங்கியது. யார் செல்ல வேண்டும் என்று கணக்கிட்ட அதே நாள், யார் இருக்கலாம் என்பதற்கு அளவுகோலாயிற்று. அவ்வுரிமை வந்து சேர 39 ஆண்டுகள் கழிந்தன. அதற்குள், இக்கரையில் தங்கிய தமக்கைக்கும் அக்கரை சென்ற தம்பிக்கும் இடையே ஒரு தலைமுறையே வளர்ந்து, ஒருவரையொருவர் முகமறியாத உறவினராகிவிட்டிருந்தது.