இன்சுலின் முதல் குருத்தணு வரை

எந்த நோயையும் அதற்குரிய மருந்தின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அம்மருந்தைக் கண்டறியும் உழைப்பும் பொறுமையும் மனிதனின் பொறுப்பாகும். நீரிழிவு நோயின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று.

1922 ஜனவரி 11 அன்று, கனடாவின் டொராண்டோ நகர மருத்துவமனையில், சாகும் நிலையில் இருந்த 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு மாட்டின் கணையச் சாறு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. பெரிய பயன் விளையவில்லை, ஒவ்வாமையே ஏற்பட்டது. ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் அச்சாற்றைத் தூய்மைப்படுத்தித் தந்த பிறகு, ஜனவரி 23 அன்று மீண்டும் செலுத்தினர். சிறுவன் பிழைத்தான். அதே மருந்துதான், இடைப்பட்ட பன்னிரண்டு நாள் உழைப்பே வேறுபாடு.

பின்னர் பல்லாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்களிலிருந்தே இன்சுலின் எடுக்கப்பட்டது. பன்றி இன்சுலின் குறித்து முஸ்லிம் குடும்பங்களுக்கு இருந்த தயக்கத்துக்கு, வேறு வழியற்ற நிலையில் அனுமதி உண்டு என உலமாக்கள் பலர் விடையளித்தனர். 1978இல் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் உருவாக்கப்பட்டது. 1982இல் அது மருந்தாக அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

எனினும் இன்சுலின் நோயைக் கட்டுப்படுத்துமேயன்றி நீக்காது. முதல் வகை நீரிழிவில், உடலின் எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இறந்தோர் கணையத்திலிருந்து எடுத்த செல்களை ஏழு நோயாளிகளுக்குச் செலுத்தி, அவர்களை இன்சுலின் ஊசியிலிருந்து விடுவித்ததாக 2000இல் எட்மண்டன் மருத்துவர்கள் அறிவித்தனர். ஆனால் தானமாகக் கிடைத்த கணையங்களோ மிகக் குறைவு.

எல்லாவகைச் செல்லாகவும் வளரக்கூடிய குருத்தணு, அதாவது ஸ்டெம் செல், அக்குறையைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை எழுந்தது. 1998இல் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். கருவுக்குரிய கண்ணியம் பற்றிய கேள்வியும் உடன் எழுந்தது. சோதனைக்குழாய்ச் சிகிச்சையில் எஞ்சிய கருக்களைப் பெற்றோரின் சம்மதத்துடன் பயன்படுத்தலாம் என 2003இல் மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு கவுன்சில் நிபந்தனைகளுடன் அனுமதித்தது. 2006இல் ஜப்பானின் யமனக்கா, கருவே தேவையின்றி, சுண்டெலியின் சாதாரணச் செல்லைக் குருத்தணுவின் நிலைக்குத் திருப்பிக் காட்டினார். மறு ஆண்டே மனிதச் செல்லிலும் அது கைகூடிற்று.

ஹார்வர்டின் டக்ளஸ் மெல்டன், தம் மகன் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது நீரிழிவுக்கு ஆளானதைக் கண்டு இத்துறைக்கு வந்தவர். 2014இல் அவரது குழு குருத்தணுவிலிருந்து பீட்டா செல்களை வளர்த்தெடுத்தது. 2025இல் வெளியான ஆய்வில், இத்தகைய செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு நிறைவில் இன்சுலின் இன்றி இருந்தனர். அல்ஹம்துலில்லாஹ்! ஆயினும் அவர்கள் உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியிருந்தது. ஆய்வில் பங்கேற்ற ஒருவர் மூளைச் சவ்வுத் தொற்றால் உயிரிழந்தார்.

இது முதல் வகை நீரிழிவில், அதுவும் கடுமையான நிலையிலிருந்த சிலரிடம் கண்ட பலன். நம் வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவதோ இரண்டாம் வகை. இந்தியாவில் நீரிழிவுக்கான குருத்தணுச் சிகிச்சை, முறையான ஆய்வுக்கு வெளியே அனுமதிக்கப்பட்டதன்று. ஆயினும் பல இலட்சம் பெற்றுக்கொண்டு "முழுக் குணம்" என வாக்களிப்போர் உள்ளனர். அதை நம்பி இன்சுலினை நிறுத்துவது தவக்குல் ஆகாது. முதல் வகை நோயாளிக்கு அது சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுவதே நமக்குக் கற்றுத்தரப்பட்ட முறை.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. நோயுற்றோர் அனைவருக்கும் அவன் பூரண நலத்தை வழங்குவானாக! ஆமீன்.